நாற்பத்து மூன்றாம் எண் டோக்கன்

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் பல்கலைக்கழகம். அதன் நூலகத்துக்குள் போகிற யாரும் ஆனந்தமேரி அக்காவைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசலுக்கு இடப்பக்கம் இடுப்புயர மேசை. மேசைக்குப் பின்னால் சுவரை மறைத்து நிற்கும் இரும்பு அடுக்கில் நூற்று இருபது கட்டங்கள். பையை நீட்டினால் வாங்கி ஒரு கட்டத்தில் வைத்துவிட்டு, அந்தக் கட்டத்தின் எண் பொறித்த பித்தளை டோக்கனைத் தருவார். திரும்பி வரும்போது டோக்கனைக் கொடுத்தால் பை கிடைக்கும். வேலை இவ்வளவுதான். இருபத்து மூன்று வருடமாகச் செய்கிறார்.

ஆனால் டோக்கனை அவர் பார்ப்பதே இல்லை. நாம் படியிறங்கி வரும்போதே முகத்தைப் பார்த்து, நாம் சட்டைப்பையில் கைவிட்டுத் துழாவி முடிப்பதற்குள் பையை மேசைமேல் வைத்துவிடுவார்.

"ஆளப் பாத்தா பை தெரியும், பையப் பாத்தா ஆளு தெரியும். டோக்கன் எதுக்கு? ஒங்க நிம்மதிக்கு."

அதில் அவருக்கு ஒரு பெருமை. இளங்கலைப் பையன்கள் வேண்டுமென்றே பையை மாற்றிக்கொண்டு வந்து சோதித்துப் பார்ப்பார்கள்.

"அக்கா, புவியியல் டிபார்ட்மெண்ட் நீலப்பை உள்ளதான் இருக்கா?"

"அது பத்தரைக்கே கிளம்பிருச்சு. நீ போயி நெசமாவே படி, அப்பு."

நான் தமிழ்த்துறையில் ஆய்வு மாணவன். மூன்று வருடமாக என் பை அவரிடம்தான் இருக்கிறது. கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது. யாராவது என்னைப் பார்த்தால் நான் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பை வாசிக்க ஆரம்பித்துவிடுவேன். அக்காவிடம் மட்டும் அப்படி இல்லை. "தம்பி, பை கனக்குதே, உள்ள கல்லா கவிதையா?" என்று அவர் கேட்பதும், நான் சிரிப்பதும், எனக்கு நாளின் முதல் உரையாடல். பல நாள் கடைசியும் அதுதான்.

அவருக்கு ஊர் வேடசந்தூருக்கு உள்ளே ஒரு சின்னக் கிராமம். கணவர் சிலுவைமுத்து நூற்பாலையில் வேலை பார்க்கிறார். ஆள் ஏற்ற வரும் மில் பஸ்ஸிலேயே அக்காவும் ஏறி வருவார்; டிரைவர் எங்கள் வாசலில் ஒரு நிமிடம் நிறுத்துவார். அதற்குப் பதிலாக டிரைவரின் மகளுக்கு வருடாவருடம் பழைய வினாத்தாள் தேடிக் கொடுப்பது அக்காவின் பொறுப்பு. பத்தாவது வரை படித்தவர். மதியம் கூட்டம் குறைந்ததும் ஏதாவது ஒரு நாவலை மேசைக்குக் கீழே மடியில் விரித்து வைத்திருப்பார். மேலே பார்த்தால் பைகளைக் காவல் காப்பது போலத்தான் இருக்கும்.

போன ஜூலை கடைசியில் நூலக வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். 'சமூக நீதியும் இன்றைய நாவலும்.' பேச வருகிறவர்கள் இரண்டு பெண்கள், எங்கள் முன்னாள் மாணவிகள். ஒருவர் புவனேஸ்வரி, இன்னொருவர் கீர்த்தனா. இரண்டு பேருமே இங்கே எம்.ஏ. படித்தவர்கள், ஒரே வகுப்பு. இரண்டு பேருடைய நாவல்களும் எங்கள் பாடத்திட்டத்தில் இருந்தன. பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு இருவரும் ஒரே மேடையில் என்று அறிவிப்பில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பதும் தெரியும். புவனேஸ்வரியின் முதல் நாவலிலேயே இருக்கிறது.

அந்த நாவலில் ஒரு கல்லூரி விடுதி. கதைசொல்லும் பெண்ணின் பைக்குள் அவளுடைய சாதிச் சான்றிதழ் இருக்கிறது. நெருங்கிய தோழி, நூலக வாசலில் அந்தப் பையைத் தன்னுடையது என்று கேட்டு வாங்கிப் போகிறாள். அறையில் சான்றிதழ் வெளியே வருகிறது. அன்றைக்கே மற்றவர்கள் தங்கள் கட்டில்களை நகர்த்திக்கொள்கிறார்கள். அந்தப் பகுதியை வாசித்தபோது அந்தத் தோழியை நானும் வெறுத்திருக்கிறேன்.

அறிவிப்பு ஒட்டிய மறுநாள் நூலகர் முத்துக்கிருஷ்ணன் சார் அக்காவின் மேசைக்கு வந்தார். சந்தோஷமான செய்தி சொல்ல வரும்போது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வருவார்.

"ஏம்மா மேரி, புவனேஸ்வரி மேடம் போன்ல பேசுனாங்க. மேடையில ஏத்தி ஒனக்குப் பொன்னாடை போத்தணுமாம். விடுதியில எல்லாரும் ஒதுக்குனப்ப நாப்பது நாளு சோறு போட்டது நீதானாம். இல்லாட்டி படிப்ப விட்டுட்டு ஊருக்கே போயிருப்பேன்னு சொல்றாங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே நீ?"

அக்கா ஒரு பையை அடுக்கில் வைத்துக்கொண்டிருந்தார். வைத்தவர் திரும்பவில்லை.

"சார், அன்னிக்கு எனக்கு லீவு வேணும்."

"எதுக்கு?"

"கல்லறைத் திருநாளு சார். போகணும்."

"அது நவம்பர்லதான வரும்? இது ஆகஸ்டும்மா."

சார் சிரித்துக்கொண்டே, "கூச்சப்படாத. நல்ல சேலையாக் கட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் நான் படியிறங்கி வந்தேன். வழக்கம்போலப் பை மேசைமேல் வந்து உட்கார்ந்தது. அது ரோஸ் நிறத்தில் இருந்தது. ஜிப்பில் ஒரு கரடிப் பொம்மை தொங்கியது. மூன்று வருடத்தில் இதுதான் முதல் தடவை.

"அக்கா, இது..."

அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். கைகள் மடியில் கிடந்தன. வாசலில் வேறு யாரும் இல்லை. நான் போகாமல் நின்றேன்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன். கேட்டுட்டு அதுக்கப்புறம் நீ என்னைய அக்கான்னு கூப்பிடாட்டாலும் சரி."

அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

அந்த வருடம் ஓர் ஆசிரியருக்கு ஒட்டன்சத்திரத்தில் கல்யாணம். வகுப்பே கிளம்பிப் போனது. விருந்து முடிந்து ஆளுக்கொரு மஞ்சள் தாம்பூலப் பை கொடுத்திருக்கிறார்கள். கெட்டித் துணி, மாப்பிள்ளை பெண் பெயர் அச்சடித்தது. திங்கட்கிழமை பிள்ளைகள் அத்தனை பேரும் அதே பையில் நோட்டைப் போட்டுக்கொண்டு நூலகத்துக்கு வந்து நின்றார்கள்.

"பதினாலு மஞ்சப்பை தம்பி. ஒண்ணுல மை கறை, ஒண்ணுல எண்ணெ வாசம். கீர்த்தனா பையில காதுல ஒரு முடிச்சு. அம்புட்டும் அத்துப்படி எனக்கு. அந்த வாரம் பூராம் ஒரு பை மாறல. எனக்கு அப்படி ஒரு மிதப்பு."

சனிக்கிழமை நூலகம் ஒரு மணிக்கு மூடும். ஒன்று பத்துக்கு பஸ். அந்தப் பத்து நிமிடத்தில் எல்லாப் பைகளையும் கொடுத்துவிட்டு அக்காவும் ஓட வேண்டும். கீர்த்தனா வந்து நாற்பத்து நான்காம் டோக்கனை நீட்டினாள். அக்கா டோக்கனைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார், பையை எடுத்தார், கொடுத்தார். அவளும் பார்க்காமல் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் புவனேஸ்வரி நாற்பத்து மூன்றாம் டோக்கனோடு வந்தாள். அந்தக் கட்டம் காலி. பக்கத்துக் கட்டத்தில் காதில் முடிச்சுப் போட்ட பை நின்றது.

"அது கேக்குது, எங்கக்கா என் பைன்னு. அப்ப நூலகரா இருந்த பெரிய ஐயா பின்னால சாவிக்கொத்தோட நிக்கிறாரு. அவரு அந்த மாசந்தான் சொல்லியிருந்தாரு, இன்னொரு பை மாறுச்சுன்னா வேற ஆளப் போட்டுருவேன்னு. நான் தினக்கூலி. மூத்தவன் கைப்பிள்ளை. வாயில வந்துருச்சு தம்பி. 'கீர்த்தனாதாம்மா அந்தப் பையக் குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டுப் போச்சு'ன்னு சொல்லிட்டேன்."

அவர் அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை, மெதுவாக, தனக்கே சொல்லிக்கொண்டார்.

"பை மாறினது கைத்தப்பு. அதச் சொன்னது நானு."

விடுதி அறையில் நான்கு பேர்; கீர்த்தனாவும் அதே அறை. மற்றவர்கள் அதுவரை, "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்கும்போதெல்லாம் புவனேஸ்வரி பேச்சை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள். உதவித்தொகைக்குக் கொடுக்க வைத்திருந்த சான்றிதழ் அன்று அந்தப் பையில் இருந்தது. அவள் விடுதிக்கு ஓடிப் போய்ச் சேர்வதற்குள் ஒருத்தி அதை எடுத்துச் சத்தமாக வாசித்து முடித்திருந்தாள். சாயங்காலத்துக்குள் மூன்று கட்டில்கள் எதிர்ச்சுவரோரம் போயின. குடிக்கிற தம்ளர் தனியானது. திங்கட்கிழமையிலிருந்து புவனேஸ்வரி விடுதிச் சாப்பாட்டுக்கும் போகவில்லை.

திங்கள் மதியம் அக்காவின் மேசைக்கு முன்னால் வந்து, உள்ளேயும் போகாமல் வெளியேயும் போகாமல் நின்றாளாம். அக்கா தன் டிபனைத் திறந்து மூடியில் பாதியை வைத்து நகர்த்தியிருக்கிறார். அன்றிலிருந்து வேறு அறை கிடைக்கும் வரை நாற்பது நாள், இந்த மேசைக்குப் பின்னால், பைகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் அவள் மதியம் சாப்பிட்டாள்.

"அதுக்குத்தான் இப்பப் பொன்னாடையாம்" என்றார் அக்கா. "நான் பாசத்துலயா போட்டேன்? பயத்துல போட்டேன். அதோட மொகத்தப் பாத்தா எனக்குச் சோறு எறங்கல. அதான் பாதியக் குடுத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அக்கா?"

"நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். படிப்பு முடிஞ்சு போயிருச்சுக. அப்புறம் புத்தகம் வந்துருச்சு. நூத்திப் பன்னெண்டாம் பக்கம். நாஞ்சொன்னது அப்படியே அச்சுல இருக்கு. கீர்த்தனா கேட்டு வாங்கிட்டுப் போனான்னு. அச்சுல ஏறினத எப்படித் தம்பி எறக்குறது?"

ரோஸ் பையைத் திரும்ப அடுக்கில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"பாவசங்கீர்த்தனத்துல சாமியார்ட்டச் சொல்லிட்டேன். அவரு மன்னிச்சிட்டாரு. ஆனா பை அவரோடது இல்லையே."

பிறகு என்னிடம், "நீ எழுதுற ஆளுதான? ரெண்டு வரி எழுதிக் குடு. அதுக கையில குடுத்துட்டு நான் அந்தப் பக்கம் போயிர்றேன்" என்றார். அன்று அறைக்குப் போய் எழுதினேன். நன்றாகவே வந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை அக்கா அதை உதடசைத்து வாசித்தார். 'காலத்தின் இரும்பு அடுக்கில் கைதவறிய ஒரு மஞ்சள்' என்று தொடங்கியிருந்தேன்.

"யாரு தம்பி இந்த மஞ்சளு?"

"பைதான் அக்கா. குறிப்பா..."

"பைய மாத்திக் குடுத்துட்டுப் பொய் சொன்னது ஆனந்தமேரின்னு இதுல எங்க இருக்கு?"

எங்கேயும் இல்லை. தாளை வாங்கிக் கிழித்துவிட்டேன். "நானே சொல்லிக்கிறேன், விடு" என்றார்.

ஆகஸ்டு இரண்டாவது வாரம் கூட்டம். அக்கா லீவு போடவில்லை. கத்தரிப்பூ நிறத்தில் புதுச்சேலை கட்டி, மில் பஸ்ஸில் வழக்கமான நேரத்துக்கு வந்தார். கூட்டம் நூலகத்தின் மாடி அரங்கில். வருகிறவர்களுக்கெல்லாம் கருத்தரங்கப் பெயர் அச்சடித்த சணல் பை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இருநூறும் ஒரே மாதிரி. அவற்றைப் பார்த்ததும், "ஏசுவே, மறுபடியுமா" என்று அக்கா முனகியது எனக்குக் கேட்டது.

புவனேஸ்வரி காரிலிருந்து இறங்கியவர் வரவேற்புக் குழு நீட்டிய சணல் பையை மட்டும் வாங்கிக்கொண்டு நேராக மேசைக்கு வந்தார். "மேரியக்கா!" என்று மேசைக்கு மேலாகவே எட்டிக் கட்டிக்கொண்டார். கண்ணாடி கோணலாகிவிட்டது. "எளைச்சுப் போனீங்களே. நாப்பத்தி மூணு இருக்கா? எனக்கு அதுதான் வேணும்."

அக்கா பையை வாங்கி நாற்பத்து மூன்றில் வைத்தார். டோக்கனைக் கொடுத்தார். கால் மணி நேரம் கழித்துக் கீர்த்தனா தனியாக வந்தார். அவர் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. "நல்லா இருக்கீங்களாங்க்கா?" என்று கேட்டுவிட்டு அதே மாதிரி சணல் பையை நீட்டினார். நாற்பத்து நான்கு. இரண்டு பேரும் மாடிக்குப் போனதும் அக்கா இழுப்பறையிலிருந்து நூல் எடுத்து ஒரு பையின் காதில் சிவப்பும் இன்னொன்றில் பச்சையும் கட்டினார். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

மேடையில் இருவருக்கும் நடுவே துணைவேந்தரின் நாற்காலி இருந்தது. கீர்த்தனா முதலில் பேசினார். மண்டியில் மூட்டை இறக்கும் பெண்களைப் பற்றிப் பேசினார். காய் எங்கே விளைந்தது, எந்த லாரியில் கேரளாவுக்குப் போகிறது என்றெல்லாம் சீட்டில் இருக்கும், சுமந்தவள் பெயர் இருக்காது என்றார். நல்ல பேச்சு. ஆனால் கைதட்டல் குறைவு. அரங்கில் பாதிப் பேர் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை வாசித்தவர்கள்.

பிறகு புவனேஸ்வரி. "சமூக நீதின்னு பேசச் சொன்னாங்க. எனக்கு அந்த வார்த்தையக் கேட்டா ஒரு டிபன் பாக்ஸ் மூடிதான் ஞாபகம் வருது" என்று ஆரம்பித்தார். விடுதி, கட்டில்கள், தம்ளர் எல்லாம் சொன்னார். குரல் ஏறவில்லை. கடைசியில், "அந்த மூடியில சோறு வச்ச கை கீழதான் இருக்கு. மேல கூட்டிட்டு வாங்க" என்றார். கைதட்டல் நிற்கவில்லை. முத்துக்கிருஷ்ணன் சார் கதவருகே நின்ற என்னைப் பார்த்துக் கையசைத்தார்.

நான் இறங்கி ஓடினேன். அக்கா மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"நான் வரல தம்பி. பொன்னாடைய இங்க கொண்டாரச் சொல்லு. அந்தப் பிள்ளையவும் கூட்டிட்டு வா, கீர்த்தனாவ."

"அக்கா, எல்லாரும் காத்திருக்காங்க."

"மேடையில ஏறிட்டா நான் சொல்ல மாட்டேன். சும்மா சிரிச்சிட்டு வாங்கிட்டு எறங்கிருவேன். எனக்கு என்னையத் தெரியாதா?"

இருநூறு பேர் பார்க்க நான் மேடைக்குப் போக வேண்டியதாகிவிட்டது. சாரின் காதில் சொன்னேன். அவர் தயங்கி மைக்கில் சொன்னார். புவனேஸ்வரி சிரித்தார். "அதுவும் சரிதான். அவங்க எடத்துக்கு நாமதான் போகணும்." பொன்னாடையைக் கையில் வாங்கிக்கொண்டு இறங்கினார். கீர்த்தனாவிடம் போய், "உங்களையும் வரச் சொன்னாங்க" என்றேன். "என்னையவா?" என்றார். எழுந்து வந்தார். பின்னால் பாதி அரங்கும் வந்தது. மாடிப்படி முழுக்க மாணவர்கள்.

அக்கா இரண்டு சணல் பைகளையும் மேசைமேல் எடுத்து வைத்திருந்தார். இரண்டின் மேலும் கையை ஊன்றியிருந்தார். புவனேஸ்வரி பொன்னாடையை விரித்தபோது, "செத்த நேரம் பொறு தாயி" என்றார்.

"ரெண்டு பேரும் கேளுங்க. அன்னிக்கு இந்தப் பிள்ளை ஒன் பையக் கேக்கல. டோக்கன்தான் நீட்டுச்சு. நான் டோக்கனைப் பாக்கல. மாத்திக் குடுத்தது நானு. நீ வந்து கேட்டப்ப, பெரிய ஐயா நிக்கிறாருன்னு, வேலை போயிரும்னு, அது கேட்டு வாங்கிட்டுப் போச்சுன்னு பொய் சொன்னதும் நான்தான். நீ அத நம்பி எழுதிட்ட. பத்தொம்பது வருசமா இது தலையில அந்தப் பழி கெடக்கு. சோறு போட்டது அந்தப் பயத்துலதான். பொன்னாடை எனக்கு வேணாம்."

அவ்வளவுதான் சொன்னார். நான் ஒரு பக்கம் எழுதியதை அவர் ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்.

படிக்கட்டில் சலசலப்பு நின்றது. புவனேஸ்வரி பொன்னாடையை விரித்தபடியே நின்றார். பிறகு திரும்பிக் கீர்த்தனாவைப் பார்த்தார். நேருக்கு நேராக அவர் பார்த்தது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

"நீ ஏன்டி சொல்லல?"

"சொன்னேன். அன்னிக்கே மூணு தடவை சொன்னேன். உனக்குக் காதுல ஏறல. அப்புறம் விட்டுட்டேன்." கீர்த்தனா தன் பையின் காதைப் பிடித்துக்கொண்டார். "விட்டதுக்கு இன்னொரு காரணமும் இருக்குது. அந்தத் தாளை எடுத்து வாசிச்சது நானில்ல. ஆனா கட்டில் நகத்துனாங்கள்ல, அதுல ஒரு பக்கம் நான் புடிச்சேன். என்னையும் ஒதுக்கிருவாங்களோன்னு பயம். அதனால, பையை நான் கேட்டு வாங்குனேன்னு நீ எழுதுனப்போ, எழுதிட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன்."

"கட்டில நீயும் புடிச்சது எனக்குத் தெரியாது. நான் அப்ப வராண்டாவுல இருந்தேன்."

"என் ரெண்டாவது நாவல்ல எழுதியிருக்கேன். கட்டிலோட கால் தரையில கீச்சுன்னு இழுக்குற சத்தம் வரைக்கும். நீ படிக்கலையா?"

"உன் புத்தகத்த நான் கையால தொட்டதே இல்ல."

"நல்லா இருக்குது. ஊரெல்லாம் படிச்சுது, படிக்க வேண்டியவ படிக்கல."

படிக்கட்டிலிருந்து யாரோ சிரித்துவிட்டார்கள். புவனேஸ்வரிக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே அழுகையாகப் போய், அவர் பொன்னாடையின் ஜரிகை முனையாலேயே மூக்கைத் துடைத்தார். முத்துக்கிருஷ்ணன் சார் படியில் நின்றவர்களைப் பார்த்து, "என்ன வேடிக்கை? மேல போங்க, டீ வந்துருச்சு" என்றார். யாரும் போகவில்லை. அவரும் போகவில்லை.

"பை மாறாட்டாலும் ஒருநாள் அவங்களுக்குத் தெரியத்தான் செஞ்சிருக்கும்க்கா" என்றார் புவனேஸ்வரி. "தெரிஞ்சதும் என்ன செஞ்சாங்களோ, அதுதான் எனக்கு வலிச்சது. அது உங்க கைத்தப்பு இல்ல. ஆனா பொய் சொன்னீங்கள்ல, அது வேற. அதுல எனக்கு ஒரு கூட்டாளி போயிட்டா." கீர்த்தனாவைப் பார்க்காமலே சொன்னார். "அத எப்படி எடுத்துக்கிறதுன்னு இப்ப எனக்குத் தெரியல."

"எடுத்துக்க வேணாம் தாயி. தெரிஞ்சிக்கிட்டாப் போதும்."

"ஒண்ணு மட்டும் கேக்குறேன். மொத நாளு பயந்து போட்டீங்க, சரி. நாப்பது நாளுமா பயம்?"

அக்கா யோசித்தார். பொய் சொல்லக் கூடாது என்று நினைத்து யோசிக்கிற முகம் அது.

"ஒரு வாரம் இருக்கும். அப்புறம் நீ கருவாடு கேட்ட. எங்க வீட்டுல அவருக்கு ஆகாது, வாங்கறதில்ல. ஒனக்காகச் சந்தையில வாங்கி, விடிய எந்திரிச்சுக் கொழம்பு வச்சேன். அன்னிக்குப் பயமெல்லாம் ஞாபகம் இல்ல. உப்பு சரியா இருக்கணுமேன்னுதான் இருந்துச்சு."

புவனேஸ்வரி பொன்னாடையை மடித்தார். நான்காக, எட்டாக, சின்னதாக மடித்து மேசைமேல் வைத்தார். தன்னிடமிருந்த டோக்கனையும் பக்கத்தில் வைத்துவிட்டுச் சணல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இத இப்ப உங்களுக்குப் போத்தல. திருப்பியும் எடுத்துட்டுப் போகல. வச்சிட்டுப் போறேன். டோக்கன் குடுங்க."

அக்கா அவரையே பார்த்தார். பிறகு நாற்பத்து மூன்றாம் டோக்கனை எடுத்து நீட்டினார். டோக்கனை நூலகத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. மேசைக்கு மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. முத்துக்கிருஷ்ணன் சார் அந்த நேரத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். எதையும் பார்க்கவில்லை.

விருந்தினர் மாளிகையில் மதியச் சாப்பாடு ஏற்பாடாகியிருந்தது. இரண்டு எழுத்தாளர்களும் அங்கே போகவில்லை. மேசைக்குப் பின்னால், அடுக்குக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடத்தில் உட்கார்ந்து அக்காவின் டிபனைப் பிரித்தார்கள். மோர்ச்சோறு, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் வெஞ்சனம். மூன்று பேருக்கும் சேர்த்து இரண்டு கைப்பிடிகூடத் தேறாது. நான் விருந்தினர் மாளிகைக்கு ஓடி இலையோடு சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தேன். கீர்த்தனா எனக்கும் ஓர் இலையை விரித்தார். புவனேஸ்வரியும் அவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஒருமுறை, "உப்பு இந்தப் பக்கம் தள்ளு" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தள்ளினார். சாயங்காலம் ஒரே காரில் திண்டுக்கல் பஸ் நிலையம் வரை போனார்கள் என்று கார் டிரைவர் சொன்னார். உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்டதற்கு, "ஒரே சண்டைங்க. ஆனா நல்ல சண்டை" என்றார்.

மேடையில் அவர்கள் பேசியதை நான் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். கருத்தரங்க மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். சமூக நீதி என்ற தலைப்பில் எழுத உட்கார்ந்தால் எனக்கு அக்காதான் வருகிறார். அவரிடம் கேட்டேன், உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று.

"எழுது. ஆனா அந்த மஞ்சளு, காலம், அதெல்லாம் வேணாம். பேரப் போட்டு எழுது."

போட்டிருக்கிறேன் அக்கா. என்னைப் போலப் பேச வராதவனுக்கு, ஒரு வாக்கியத்தை எப்படிச் சொல்லி முடிப்பது என்று அன்று அந்த மேசைக்கு முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது. அதற்கு நான் எப்போதும் நன்றியோடிருப்பேன்.

இப்போது நூலகத்துக்குப் போனால் பை வருவதற்குக் கொஞ்சம் தாமதமாகிறது. அக்கா கையை நீட்டி டோக்கனை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து எண்ணை வாசித்து, கட்டத்தைப் பார்த்து, அதன் பிறகுதான் பையை எடுக்கிறார். பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். "இரு அப்பு, நீ யாருன்னு தெரியும். ஆனாலும் இரு" என்கிறார். நாற்பத்து மூன்றாம் கட்டத்தில் ஒரு பொன்னாடை மடித்தபடி இருக்கிறது. வாரம் ஒருமுறை அதை எடுத்துத் தூசி தட்டி, பிரிக்காமல், அதே இடத்தில் வைக்கிறார். அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை.